கண்டியில் பழைய வீடு: சுவருக்குச் சுண்ணாம்பா, சீமெந்தா?

கண்டி டவுனுக்குள் தாத்தா காலத்துச் செங்கல் வீடு எங்களுடையது. பூச்சு உதிரத் தொடங்கியதும் வீட்டில் இதே பேச்சுத்தான்.

விலை, வேகம் இரண்டிலும் சீமெந்துதான் முந்தும். எந்தக் கடையிலும் மூட்டை கிடைக்கும், எந்த மேசன் பாஸும் பூசுவார். அதை நம்பித்தான் பின்சுவருக்கு முதலில் சீமெந்து பூசினோம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, முழங்கால் உயரத்தில் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம். பெயர்த்துப் பார்த்தால் வெள்ளை உப்புப் படிந்து, செங்கல் மாவாக உதிர்கிறது.

காரணம் எளிது. அந்தக் காலத்து அத்திவாரத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படை இல்லை. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சீமெந்து அடைத்துவிடும், ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்னும். சுண்ணாம்பு உதிர்ந்தால் திரும்பப் பூசலாம், கரைந்த செங்கல்லுக்கு என்ன செய்வது? எங்களுக்கு இதுதான் தீர்ப்பு.

சுண்ணாம்பிலும் வேலை உண்டு. மாத்தளைப் பக்கம் சுண்ணாம்பு கிடைக்கிறது, பூசத் தெரிந்த கைதான் கிடைப்பதில்லை. ஒவ்வொரு படையும் நிதானமாகக் காய வேண்டும், அடைமழையில் தொடவே கூடாது. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்கலாம். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பழைய கதைதான். சுண்ணாம்பு பூசிய எங்கள் முன்சுவர் இரண்டு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது, அதனால் பத்து வருடக் கணக்கு என்னிடம் கேட்காதீர்கள்.

அப்புறம் அனுமதி. கண்டி 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. முகப்பை மாற்றுவது, இடிப்பது, உயர்த்துவது எல்லாவற்றுக்கும் வரைபடத்தோடு மாநகர சபைக்குப் போக வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. வீடு பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் வந்திருந்தால் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் கை வைக்க முடியாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் புராதனக் கட்டடத்துக்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் கைமாறிய அதே நாள். எங்கள் வீடு அவ்வளவு கிழமில்லை. ஆனாலும் பூசுவதற்கு முன்பே பழைய சுவரைப் படமெடுத்துக்கொண்டு போய்க் கேட்டோம். இருந்த பொருளாலேயே திருத்துகிறோம் என்றதும் பேச்சு சுருக்கமாக முடிந்தது.

பின்சுவர்ச் சீமெந்தை இப்போது கொத்திக்கொண்டிருக்கிறோம். தை வெயில் வந்ததும் அதற்கும் சுண்ணாம்புதான்.