அம்மம்மாவின் அம்மைத் தழும்பும் 50 மெகாபிக்சலும்

கடையில் போன் கமராவை நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சோதிக்கிறோம். கூரையில் எரிகிற லைட்டை ஒரு படம், பக்கத்தில் நிற்கிற ஆளை ஒரு படம். பிறகு இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்ப்போம். "பாருங்கோ அண்ணா, 50 மெகாபிக்சல், கிளியரா இருக்குத்தானே" என்று கடைப் பொடியன் சொல்வான். நாங்களும் தலையாட்டுவோம். 2022 டிசம்பரில் கொழும்பு கொள்ளுப்பிட்டிக் கடையொன்றில் நான் தலையாட்டியதும் அப்படித்தான். அந்த வருடம் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 அளவுக்கு ஏறியிருந்தது. அதற்கு முந்தின வருடம் நண்பன் கொடுத்த காசுக்கு, அவனுடையதைவிட இரண்டு படி கீழே இருக்கிற போன்தான் எனக்குக் கிடைத்தது.

மொடல் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கதை கமராவை விட்டுவிட்டுக் கம்பனிச் சண்டைக்குப் போய்விடும். நடுத்தர விலை. பிரதான கமரா 50 மெகாபிக்சல், அகலக் கோணத்துக்கு 8, கிட்ட வைத்து எடுப்பதற்கு 2. இந்த விலைக்காரப் போன்களில் முக்கால்வாசிக்கு இதே சாதகம்தான். அந்த 2 மெகாபிக்சலுக்கு ஒரு வரி போதும்: இரண்டரை வருடத்தில் மூன்று தரம் திறந்திருக்கிறேன், மூன்றும் கை தவறி.

50 என்ற எண்ணை விளங்கிக்கொள்ள எனக்குச் சில மாதம் எடுத்தது. 50 மெகாபிக்சல் என்றால் ஐந்து கோடிப் புள்ளி. லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்குகிற சென்சருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு நிறக் கண்ணாடி இருக்கும். கொடாக்கில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அடுக்கு அது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். இப்போதைய 50 மெகாபிக்சல் சென்சர்களில் பக்கத்துப் பக்கத்து நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறக் கண்ணாடிதான். அந்த நான்கையும் கூட்டி ஒன்றாக்கித்தான் போன் வழமையாகப் படத்தைத் தருகிறது. ஆகக் கைக்கு வருவது பன்னிரண்டரை மெகாபிக்சல். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, வெளிச்சம் குறைந்த இடத்தில் உதவுகிற ஏற்பாடுதான். பெட்டியில் பெரிய எழுத்தில் 50 என்று அடித்திருப்பதுதான் கொஞ்சம் குசும்பு.

முழு 50ஐயும் கேட்டு வாங்கினால் என்ன வித்தியாசம் என்று பார்க்க, ஒரு ஞாயிறு காலை புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். அங்கே 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த வருடம் முடித்த ஜாமி உல் அல்ஃபார் பள்ளிவாசல் நிற்கிறது, எங்கள் வாயில் சிவப்புப் பள்ளி. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், கட்டங்கள், முறுக்குத் தூண்கள். கமராவைச் சோதிக்கவென்றே கட்டின மாதிரி ஒரு கட்டடம். லென்ஸ் எந்த இடத்தில் சோர்கிறது என்று அந்தக் கோடுகளே சொல்லிவிடும். நடுவில் கோடுகள் கத்தி மாதிரி நின்றன. மூலைக்குப் போகப் போகச் சிவப்பும் வெள்ளையும் குழைந்து ரோஸ் நிறமாகிவிட்டன. 50இல் எடுத்ததில் உச்சிக் கோபுரத்தில் கொஞ்சம் கூடுதலாக விபரம் தெரிந்தது, மெய்தான். அதற்கு விலை, நிழல் விழுந்த வாசல் பக்கமெல்லாம் புள்ளி புள்ளியாய்ப் போனது. 8 மெகாபிக்சல் அகலக் கோணத்தில் எடுத்ததைப் பெருப்பிக்காமல் இருப்பதே மரியாதை. அன்றோடு 50இல் எடுப்பதை விட்டுவிட்டேன்.

பகல் வெளிச்சத்தில் இந்த விலைப் போன்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. கொழும்பு வெயில் யாரையும் நல்ல புகைப்படக்காரன் ஆக்கிவிடும். எங்கள் வீட்டு விசேசம் எதுவும் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் நடப்பதில்லையே. மண்டபம், கோயில், இரவுச் சாப்பாடு, கேக் வெட்டு. கமராவின் வண்டவாளம் தெரிவது அங்கேதான்.

ஆடிவேல் திருவிழா இரவு ஒன்றைச் சொல்கிறேன். செட்டியார் தெருவில் இருந்து புறப்பட்ட தேர் காலி வீதியால் வந்துகொண்டிருந்தது. நான் பம்பலப்பிட்டியில் வீதியோரம் நின்றேன். நாற்பது படம் எடுத்திருப்பேன், தேறியது மூன்று. போன் தானாகவே இரவு நிலைக்குப் போய்விட்டது. அந்த நிலையில் அது ஒரு படம் எடுப்பதில்லை. சில விநாடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறது. 2018இல் கூகிள் பிக்சல் போனில் வந்து பேர் வாங்கிய வித்தை, இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. அசையாத கட்டடத்துக்கு அது அற்புதம். தேர் அசைகிறது, வடம் பிடிக்கிற ஆட்கள் அசைகிறார்கள், கையெடுத்துக் கும்பிடுகிற கிழவிகூட ஒரு கணம் அசைகிறாள். கும்பிட்ட கை நாலு கையாக விழுந்திருந்தது.

சரி என்று இரவு நிலையை நிறுத்தி, ஷட்டர் வேகத்தைக் கையால் கூட்டினேன், அதாவது வெளிச்சம் சென்சரில் விழுகிற நேரத்தைக் குறைத்தேன். இப்போது படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி பட்டியாக வந்தது. போன் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் விளங்கியது: எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்.ஈ.டி. சரங்கள் விநாடிக்கு 100 தரம் மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. சென்சர் மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் பட்டி மறைகிறது. தேறிய அந்த மூன்று படமும் 1/100இல் எடுத்தவை. கொஞ்சம் இருட்டுத்தான். ஆனால் இரவு இரவாக இருந்தது, கும்பிட்ட கை இரண்டாக இருந்தது.

இடையில் ஒரு கூத்து. முதல் வருடம் நடுவில், இரவுப் படங்களில் ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்ப்பக்கத்தில் பச்சைப் பொட்டு ஒன்று விழத் தொடங்கியது. தாமரைக் கோபுரத்தை எடுத்தால் வானத்தில் தலைகீழாக இன்னொரு பச்சைக் கோபுரம். லென்ஸைத் துடைத்தேன், அப்டேட் போட்டேன், கம்பனியைத் திட்டினேன். நான்கு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் தம்பி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதிலை ஒட்டியிருக்கிறது என்ன?" என்று கேட்டான். உறை மாற்றப் போன கடையில் கமராவுக்கு மேலே 600 ரூபாய்க்கு ஒட்டிவிட்ட பாதுகாப்புக் கண்ணாடி. நகத்தால் கிளப்பி எறிந்தேன். பச்சைக் கோபுரம் போய்விட்டது. நான் திட்டினதுதான் மிச்சம்.

இரண்டாவது எதிரி கடற்காற்று. எங்கள் வீடு வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கும் மெரைன் டிரைவுக்கும் கிட்ட. மாலையில் யன்னலைத் திறந்து வைத்தால் காலையில் கண்ணாடியில் உப்புப் படலம் இருக்கும். லென்ஸிலும் அதேதான். அதற்கு மேலே விரல் எண்ணெய். சாரத்து நுனியால் ஒருதரம் துடைத்து எடுத்த படத்தையும் துடைக்காமல் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு போனில் எடுத்தது என்றுதான் சொல்வீர்கள். ஏசி மண்டபத்தால் வெளியே வந்தவுடன் எடுத்த படங்கள் பாலில் தோய்த்த மாதிரி இருப்பதும் கமராவின் குற்றமில்லை. குளிர்ந்த கண்ணாடியில் எங்கள் ஊர் ஈரக்காற்று படிந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் பொறுத்தால் சரி. ஸ்கூட்டரில் போனைப் பூட்டி வழி பார்த்து ஓடுகிறவர்களுக்கும் ஒன்று: எஞ்சின் அதிர்வு கமராவின் நடுக்கம் தாங்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. ஐபோனுக்குச் சொன்னது, அதே மாதிரிப் பாகம் உள்ள மற்றப் போன்களுக்கும் பொருந்தும்.

இனி முகம்.

2023இல் அம்மம்மாவுக்கு எண்பது வயது. மண்டபத்தில் கேக் வெட்டியபோது நான் எடுத்த படமொன்று வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. 12க்கு 18 அங்குலத்தில் சட்டம் போட்டு மாட்டுவோம் என்றார் சித்தி. நான் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஸ்டூடியோவுக்குத் தட்டிவிட்டார். வந்த பிரிண்ட் தண்ணீரில் நனைந்த பத்திரிகை மாதிரி. "தம்பி, ஒரிஜினலைக் கொண்டு வாங்கோ" என்றார் ஸ்டூடியோக்காரர். கணக்குப் பார்த்தேன். போனில் இருந்த படத்தின் நீளப் பக்கம் 4080 பிக்சல், வாட்ஸ்அப் ஊடாகப் போனது 1600. அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூட வராது. 2023 ஓகஸ்டில் வாட்ஸ்அப்பில் கூடின தெளிவோடு அனுப்ப எச்.டி. என்ற தெரிவு வந்தது, ஆனாலும் பிரிண்டுக்கு நான் இப்போதும் டொக்கியூமென்டாகத்தான் அனுப்புகிறேன்.

ஒரிஜினலைக் கொடுத்து இரண்டாம் தரம் பிரிண்ட் எடுத்தோம். சேலைக் கரைச் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. பெருமையாகக் கொண்டுபோய் அம்மம்மாவின் கட்டிலில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது ஆரடா?"

"நீங்கள்தான் அம்மம்மா."

"என்ரை கன்னத்துத் தழும்பு எங்கை?"

சின்ன வயதில் அம்மை போட்ட தழும்புகள். இடது கன்னத்தில் மூன்று, நாடியில் ஒன்று. எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். படத்தில் ஒன்றுமில்லை. கன்னம் மெழுகுப் பொம்மையின் கன்னம். நிறமும் அவருடையது இல்லை, இரண்டு சுற்று வெளுத்திருந்தது. நான் அழகூட்டல் எதையும் போடவில்லை. போய்ப் பார்த்தால், முகம் எடுப்பதற்கென்று இருக்கிற போட்ரெய்ட் நிலையில் அது தானாகவே நடு அளவில் வைக்கப்பட்டிருக்கிறது, பின் கமராவுக்கும் சேர்த்து. சைபருக்கு இறக்கிவிட்டு இன்னொரு நாள் மண்டபமொன்றில் எடுத்தேன். தழும்பு பாதி வந்தது, பாதி வரவில்லை. வெளிச்சம் குறைவான இடத்தில் புள்ளிகளை அழிக்கும் மென்பொருளுக்குத் தழும்புக்கும் தூசுக்கும் வித்தியாசம் தெரியாது. கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் இருக்கிறதே, அதன் வெளித்தூண்களை மாலை மங்கலில் எடுத்தபோதும் இதே கதைதான். உளி பொளிந்த சொரசொரப்பு முழுக்க வழித்தெடுக்கப்பட்டு, பிளாஸ்டிக்கில் வார்த்த தூண் மாதிரி வந்தது.

வெளுப்பிக்கிற பழக்கம் இன்றைக்கு நேற்றையது இல்லை. பிலிம் காலத்தில், 1950களில் இருந்து, பிரிண்ட் நிறம் சரியா என்று பார்க்கக் கொடாக் அனுப்பிய மாதிரிப் படங்களில் வெள்ளைக்காரப் பெண்தான் இருப்பார். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவளின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்று கூகிள் தன் பிக்சல் 6இல் தனி முயற்சி எடுத்து, அதற்கு ரியல் ரோன் என்று பெயரும் வைத்தது 2021இல்தான். என் போன் அந்த இனமில்லை. அது எங்கள் வீட்டில் எல்லாரையும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம் மாதிரி எடுத்துத் தருகிறது.

காலிமுகத்திடலில் அந்திப் படத்துக்கும் இதே வியாதி. ஆறரை மணிக்கு சூரியன் இறங்கி, இசுவடை என்கிற இறால் வடைக் கடையில் விளக்கு ஏற்றியிருப்பார்கள், கடல் கறுத்துக்கொண்டு வரும். போன் கடலையும் வெளுப்பித்து, வடைத் தட்டையும் வெளுப்பித்து, நாலு மணிப் படமாக்கித் தந்துவிடும். பேஸ்புக்கில் போட்டால் லைக் கூட விழும். நான் இப்போது திரையில் வானத்தைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். இறால் வடை கறுப்பாகத் தெரிந்தால் தெரியட்டும்.

இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் வருடம் ஒரு பெரிய அப்டேட் வந்து, ஒரே இரவில் பச்சைகள் எல்லாம் கண்ணைக் குத்தத் தொடங்கின. மரவள்ளி இலை வாழைக் குருத்தாகிவிட்டது. வாங்கிய வாரத்தில் எழுதப்படுகிற மதிப்புரைகளை நான் பாதி நம்புவதற்குக் காரணம் அது. போனின் திரையிலேயே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் அப்படித்தான். அந்தத் திரைகள் எதையும் பளபளக்கக் காட்டும். அலுவலகத்து மங்கல் மடிகணினியில் போட்டுப் பார்த்து, அங்கேயும் முகம் முகமாக இருந்தால்தான் நான் ஒத்துக்கொள்வேன்.

மூன்றாவது பிரிண்ட் எப்படி வந்தது என்று சொல்லவில்லை. ஒரு நாள் பின்னேரம் நாலரை மணி. கடற்பக்கத்து யன்னலருகே கதிரையைப் போட்டு, சேலையைத் திரை மாதிரிக் கட்டி வெயிலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, அம்மம்மாவை இருத்தினேன். போட்ரெய்ட் நிலை இல்லை, அழகூட்டல் இல்லை, சாதாரண பன்னிரண்டரை. ரயில் ஒன்று போனபோது அவர் திரும்பிப் பார்த்தார், அந்த நேரம் அமத்தினேன். நாலு தழும்பும் இருந்தன. ஸ்டூடியோக்காரர், "முகத்தைக் கொஞ்சம் கிளீன் பண்ணி விடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்போது பற்றரி பின்னேரம் மூன்று மணிக்கே இறங்கிவிடுகிறது, இந்த வருட முடிவுக்குள் வேறு போன் பார்க்க வேண்டும். கடைக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். அவருக்குப் படி ஏற ஏலாது, லிஃப்ட் வேலை செய்கிற கட்டடமாகத் தேட வேண்டும்.