வெயிட் ரூமா, தடகளமா, தனிப் பயிற்சியாளரா?

டெக்சஸில் பள்ளி ஃபுட்பால் சீசன் எங்களுக்கு நவம்பரில் முடிந்துவிட்டது. (கையில் பந்தைக் கட்டிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஊரில் என் அப்பா இன்னும் கேட்கிறார்.) அடுத்த சீசன் ஆகஸ்டில். பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பையன் நடுவில் என்ன செய்வது? பள்ளி வெயிட் ரூம் (எடைப் பயிற்சிக் கூடம்), வசந்தகாலத் தடகள அணி, காசு கொடுத்துத் தனிப் பயிற்சியாளர் என்று மூன்று வழி இருந்தது.

ஒரு காலத்தில் எடை தூக்கினால் ஆட்டக்காரன் மந்தமாகிவிடுவான் என்றே பயிற்சியாளர்கள் நினைத்தார்கள். 1969இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்ட் எப்லியை எடைப் பயிற்சிக்கென்றே எடுத்தபோது, யாராவது வேகம் குறைந்தால் உன் வேலை போச்சு என்றுதான் தலைமைப் பயிற்சியாளர் சொன்னாராம். இன்று வெயிட் ரூம் இல்லாத ஃபுட்பால் பள்ளியைப் பார்ப்பது அரிது. ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து நன்றாக உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மேலே தள்ளுவது), பவர் கிளீன் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தோளுக்குத் தூக்குவது). செலவில்லை, கூட்டாளிகள் கூட இருப்பார்கள். புதிதாகத் தூக்கும் பையனுக்கு முதல் சில வாரங்களிலேயே பலன் தெரியும்.

சிக்கல் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் இருக்கிறது. யார் அதிகபட்சம் எவ்வளவு தூக்கினார்கள் என்ற பட்டியல் அது. ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தேன். கம்பியின் இரு பக்கமும் இரண்டிரண்டு பெரிய தட்டு, மொத்தம் 225 பவுண்டு. சுற்றி நின்றவர்கள் கத்த, பையன் முழங்காலை ஒரு சாண் மடக்கி எழுந்தான். அதையும் ஸ்குவாட் என்று பலகையில் ஏற்றினார்கள். இத்தனைக்கும் அதிகபட்சத்தைத் தூக்கித்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. கணக்குப் போட எப்லி பெயரிலேயே ஒரு சூத்திரம் உண்டு. 185 பவுண்டை ஒழுங்காக ஐந்து முறை தூக்கினால் 185ஐ 35ஆல் (30உடன் அந்த ஐந்தைக் கூட்டியது) பெருக்கி 30ஆல் வகுக்கலாம். ஏறக்குறைய 216. முதுகும் பிழைக்கும்.

விடுமுறை முடிந்த முதல் வாரம்தான் இன்னும் ஆபத்து. 2011 ஜனவரியில் ஐயோவா பல்கலைக்கழக வீரர்கள் விடுமுறையிலிருந்து திரும்பியதும் 100 ஸ்குவாட் போடவைத்தார்கள். தசை சிதைந்து 13 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கல்லூரி உடம்புக்கே இந்தக் கதி.

தடகளத்தை நான் முதலில் மதிக்கவில்லை, அது வேறு விளையாட்டு என்று நினைத்தேன். ஆனால் ஃபுட்பாலில் ஒரு ஆட்டத்துண்டு ஐந்தாறு விநாடிதான், அப்புறம் மூச்சு வாங்க நேரம் உண்டு. அதற்கு மைல் கணக்கில் மெதுவாக ஓடி என்ன பயன்? முழு வேகத்தில் சிறு தூரம் ஓடி, நன்றாக ஓய்வெடுத்து, மறுபடி ஓடுவதுதான் பொருந்தும். 100 மீட்டரும் தொடரோட்டமும் அதைத்தான் தருகின்றன. கனத்த உடம்புக்காரர்களுக்குக் குண்டு எறிதல் இருக்கிறது. போட்டிக்குப் போட்டி கடிகாரம் உண்மையைச் சொல்லும், பலகை மாதிரி தாராளம் காட்டாது. ஒரு குறை: எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாளாகச் சுருங்கும். சதை போட வேண்டிய ஒல்லிப் பையனுக்கு அது நஷ்டம்தான்.

தனிப் பயிற்சியாளர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதக் கட்டணம் கார் தவணை மாதிரி இருந்தது. தரையில் விரித்த கயிற்று ஏணியில் கால் பரபரக்கும், வீடியோவில் அழகாக இருக்கும். எதிரே ஆள் நின்றால் அந்தக் கால் எங்கே போகிறது என்பது வேறு கதை. காயத்திலிருந்து மீளும் பையனுக்கு, ஒருவரே பக்கத்தில் நின்று கவனிப்பது உதவும். அப்போதும் சிஎஸ்சிஎஸ் என்ற, உடல்வலிமைப் பயிற்சியாளர்களுக்கான சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நாங்கள் தடகளத்தை எடுத்தோம், கூடவே செவ்வாய், வியாழன் வெயிட் ரூம். இந்த வருஷம் வேகம் வரட்டும், சதை அடுத்த வருஷம் போடட்டும் என்று நினைத்தேன்.

ஜூனில் கோடைப் பயிற்சி ஆரம்பித்ததும் வேறு கவலை. 2018 மே மாதம் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் 110 கெஜ ஓட்டங்களின்போது 19 வயது வீரர் வெப்பத்தாக்கில் சரிந்தார், இரண்டு வாரத்தில் இறந்தார். உடனே குளிர்ந்த நீரில் இறக்குவதுதான் அதற்கு வைத்தியம், அங்கே அதைச் செய்யவில்லை. முதல் நாளே பள்ளியில் ஐஸ் தொட்டி எங்கே என்று கேட்டேன். கொட்டகைக்குப் பின்னால் காட்டினார்கள். கவிழ்த்து, மேலே கூம்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.