மிக்1, ஃபோ4: ஒரே பாஸ்பேட், எதிரெதிர் விளைவு

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் தென்னங்கள்ளைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட், அதிலுள்ள சுக்ரோஸை இன்வர்டேஸ் நொதியால் உடைக்கிறது. குளுக்கோஸ் மிகுந்திருக்கும்வரை மிக்1 புரதம் உட்கருவில் தங்கி, அந்நொதிக்குரிய எஸ்யூசி2 மரபணுவின் படியெடுத்தலை, அதாவது அதிலிருந்து ஆர்என்ஏ படி உருவாவதை, தடுக்கிறது. குளுக்கோஸ் குறைந்ததும் எஸ்என்எஃப்1 கைனேஸ் (புரதங்களில் பாஸ்பேட்டை இணைக்கும் நொதி) மிக்1 மீது பாஸ்பேட்டை ஏற்ற, அது உட்கருவை விட்டு வெளியேறி, மரபணு இயங்கத் தொடங்குகிறது.

அதே ஈஸ்டிலுள்ள ஃபோ4 இதற்கு நேர்மாறானது. அது மரபணுவைத் தூண்டும் புரதம் என்பதால், பாஸ்பேட் ஏறினால் படியெடுத்தல் அடங்கிவிடுகிறது. ஊடகத்தில் பாஸ்பேட் தாராளமாக இருக்கும்போது ஃபோ80, ஃபோ85 என்ற புரத இணை ஃபோ4-இன் 5 செரீன்களில் (செரீன் ஓர் அமினோ அமிலம்) பாஸ்பேட்டை ஏற்றுகிறது. தட்டுப்பாடு வந்தால் ஃபோ81 என்ற புரதம் அந்த இணையை முடக்குகிறது. மிக்1, ஃபோ4 ஆகிய இரண்டையும் உட்கருவிலிருந்து வெளியே கொண்டுசெல்வது எம்எஸ்என்5 என்ற ஒரே புரதம் என்பது வியப்புக்குரியது. எனினும், ஃபோ4 மீதான கட்டுப்பாடே நுட்பமானது என்பேன். ஏனெனில், அந்த 5 இடங்களுள் ஒன்று, துணைப் புரதமான ஃபோ2 உடன் அது சேர்வதையே தடுக்கிறது.