பின் பிரேக் பிடித்துக்கொண்டால்: கிரீஸா, கிட்டா, பழசா, புதுசா?

போன ஐப்பசி மழையில் பத்து நாள் காரை எடுக்கவே இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டது போட்டபடி நின்றது. எடுத்த அன்று 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நகர்ந்தது. பேடு (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) டிஸ்கோடு துருவில் ஒட்டியிருக்கும், நாலு தடவை பிரேக் மிதித்தால் சரியாகிவிடும் என்று ஜிஎஸ்டி ரோட்டில் ஏறிவிட்டேன். பரனூர் டோல் வரிசையில் நிற்கும்போது கருகல் வாடை. முன்னால் நின்ற லாரியிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். டோல் தாண்டி ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், இடது பின்சக்கரத்தின் அருகே கை கொண்டுபோக முடியவில்லை. வீல் மேல் விரலால் தண்ணீர் தெளித்தேன். காய்ந்த தோசைக்கல் மாதிரி 'சுர்' என்றது. (தெளித்ததோடு சரி. சூடான டிஸ்கில் தண்ணீரை ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும்.) வலது பக்கம் வெறும் வெதுவெதுப்பு.

அந்த வாரம் மூன்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன், மூன்று வைத்தியம் சொன்னார்கள். "பின்னைக் கழட்டி கிரீஸ் போட்டா போதும்" என்றார் ஒருவர் (பின் என்றால் காலிப்பர் சறுக்கி நகரும் கம்பி; காலிப்பர் என்பது பேடுகளை டிஸ்கில் அழுத்தும் கவ்வி). "கிட் மாத்திடலாம்" என்றார் அடுத்தவர், அதாவது காலிப்பரின் ரப்பர்களை. மூன்றாமவர், "புதுசே போடுங்க சார், தலைவலி விட்டது" என்றார். யாருமே வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

நான் பேசுவது பின்னாலும் டிஸ்க் இருந்து, கால் பிரேக், ஹேண்ட் பிரேக் இரண்டும் ஒரே காலிப்பரில் வேலை செய்யும் வண்டிகளைப் பற்றி. நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் பின்னால் டிரம்தான், அது வேறு கதை. பட்டனில் வேலை செய்யும் ஹேண்ட் பிரேக்கென்றால் ஸ்கேனர் இல்லாமல் கை வைக்கவே வேண்டாம்.

எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போதும், காசு செலவில்லை. முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் பின்னால் கேபிள் மாட்டியிருக்கும் லெவரைப் பாருங்கள். கேபிளைக் கழற்றியதும் லெவர் தானாகப் பின்னால் போய் முட்டி, சக்கரமும் விடுபட்டால் கோளாறு கேபிளில். கேபிளைக் கழற்றியும் லெவர் பாதியில் நிற்கிறதென்றால் காலிப்பருக்குள் போகும் ஷாஃப்ட் துருவேறிவிட்டது. லெவர் ஒழுங்காகத் திரும்பியும் சக்கரம் இறுக்கமென்றால் காலிப்பரிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகான பிளீடிங் நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விட்டால், ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம்: மிதிக்கும்போது ஆயிலை அனுப்பும், திரும்ப விடாது. எதற்குமே அசையவில்லையென்றால் மிச்சம் இருப்பது பேடைத் தள்ளும் பிஸ்டனும் ஸ்லைடு பின்னும்தான். பேடுகளைக் கழற்றி உள் பேடும் வெளிப் பேடும் எப்படித் தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒன்று தகடாகி மற்றது தடிமனாக இருந்தால் முதல் சந்தேகம் ஸ்லைடு பின் மேல்.

பின்தான் காரணமென்றால் கிரீஸ் போதும், அதற்கு மேல் செலவழிப்பது வீண். பின்னை வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவி, கிழிந்த பூட் எனும் ரப்பர் மூடியை மாற்றினால் முடிந்தது. சேஸிஸுக்கு அடிக்கும் கிரீஸைத் தடவுபவர்களும் உண்டு. அது ரப்பரை ஊதவைத்து, சில மாதத்தில் பின்னை முன்னைவிட இறுக்கிவிடும்.

கேபிள் விஷயத்தில் இரண்டாம் கருத்தே கிடையாது. உறை வெடித்துத் தண்ணீர் இறங்கிய கேபிளில் எண்ணெய் விட்டால் அடுத்த மழை வரைதான் தாங்கும், மாற்றிவிடுங்கள். ஆனால் என் வண்டியில் வேறொரு கூத்து நடந்திருந்தது. ஆறு மாதம் முன்பு ஹேண்ட் பிரேக் மேலே வரை வருகிறதென்று ஒரு இடத்தில் காட்டினேன். கியருக்குப் பின்னால் இருக்கும் நட்டை முறுக்கி, இரண்டு கிளிக்கில் நிற்கும்படி செய்து கொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம். அப்படி முறுக்கியதில் லெவர் கடைசி வரை திரும்ப முடியாமல் போயிற்று. லெவர் முட்டுக்கு வராவிட்டால் பேடு தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்ய காலிப்பருக்குள் இருக்கும் ஆட்டோ அட்ஜஸ்டர் சரியாக வேலை செய்யாது. பேடு எப்போதும் லேசாக உரசும், தேயத் தேய ஹேண்ட் பிரேக் மறுபடி மேலே வரும், மறுபடி நட்டை முறுக்குவார்கள்.

கடைசியில் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பாயிடம் போனேன். முதலில் அவர் கழற்றியது சூடே ஏறாத வலது பக்கத்தை. "நல்லா இருக்கறத பாத்தாத்தான் சார் கெட்டது எவ்ளோ கெட்டிருக்குன்னு தெரியும்."

கிட் என்பது இரண்டே ரப்பர். பிஸ்டனைச் சுற்றி உட்காரும் சதுர வெட்டு சீல் ஒன்று, வெளியே தூசிக்கான பூட் ஒன்று. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும் வேலை அந்தச் சதுர சீலுடையது. அழுத்தத்தில் வளைந்துகொள்ளும், அழுத்தம் போனதும் நிமிரும்போது பிஸ்டனையும் மயிரிழை பின்னால் கொண்டுவரும். சீல் விறைத்தாலோ பிஸ்டனில் துரு ஏறினாலோ அந்த மயிரிழை கிடைக்காது.

பாய் வலது பக்கப் பிஸ்டனைத் திருகித் திருகி வெளியே எடுத்தார். இந்த வகைப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போதும் அழுத்திக்கொண்டே திருகத்தான் வேண்டும். சி-கிளாம்ப் வைத்து நெருக்கினால் உள்ளே இருக்கும் ஸ்குரூ போய்விடும். வெளி விளிம்பில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு துரு வளையம். என் நகத்தை அதன்மேல் ஓட்டச் சொன்னார். "தட்டுதா? இது பூட் உக்கார்ற இடம், எமரி போட்டா போயிடும். இதுக்கு உள்ளாற, சீல் ஓடுற எடத்துல குழி விழுந்திருந்தா கிட்டுக்குக் காசு குடுக்காதீங்க. புது சீலையும் தின்னுடும்." உள்ளே வழவழவென்றுதான் இருந்தது. வெர்னியர் வைத்து 38 மி.மீ. என்று பார்த்து அந்த அளவு கிட்டையே வாங்கிவரச் சொன்னார். ஒரே மாடல் காரில் இரண்டு கம்பெனி காலிப்பர் வருவதுண்டு, காரின் பெயரைச் சொல்லி வாங்கினால் ஏமாறலாம். பெட்ரோல், டீசல் எதையும் கிட்ட விடவில்லை, புது பிரேக் ஆயிலிலேயே நனைத்து சீலை உட்கார வைத்தார். வலது பக்கம் முடிந்தது.

இடது பக்கத்தில் பிஸ்டன் பரவாயில்லை, லெவர்தான் மோசம். பிளேயரால் இழுத்தால் வந்தது, விட்டால் அங்கேயே நின்றது. ஷாஃப்ட்டின் ரப்பர் மூடி கிழிந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது. கிட் இங்கேதான் தோற்கிறது, ஷாஃப்ட் சீல் சாதாரண கிட்டில் வராது. தனியாகக் கிடைத்தாலும் உள்ளே கடினமான ஸ்பிரிங்கும் அதைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையமும் இருக்கின்றன. அழுத்திப் பிடிக்கும் டூல் இல்லாமல் அதைத் தொடுவது விஷப்பரீட்சை. துரு விடும் ஸ்ப்ரே அடித்து ஆட்டினால் அன்றைக்கு வேலை செய்யும். வெளியே ஒரு ஸ்பிரிங்கை மாட்டி லெவரை இழுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க அது சரி.

பழைய காலிப்பர்? விலை கம்மி, எடுத்ததும் மாட்டிவிடலாம். ஆனால் அதுவும் என் வண்டி வயசுதான், அதுவும் எங்கோ ஒரு மழையில் நின்றதுதான். மேலே அடித்த வெள்ளி பெயின்ட் பளபளக்கிறதே தவிர உள்ளே ஷாஃப்ட் எப்படி என்று கடைக்காரருக்கும் தெரியாது. வாங்கியே ஆகவேண்டுமென்றால் லெவரை இழுத்து விட்டுப் பாருங்கள், சட்டென்று திரும்பவில்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். நான் இடது பக்கத்துக்குப் புதுசே வாங்கினேன். பல மடங்கு செலவு, வயிறு எரியத்தான் செய்தது.

புதுசு மாட்டும்போது நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் வலம் மாறினால் நிப்பிள் கீழே வரும், எவ்வளவு பிளீட் செய்தாலும் காற்று போகாது. ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர் புதுசாக இருக்கட்டும். பேடு இரண்டு பக்கமும் மாற்றினோம். பழைய ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் அந்த வரம்பு 155 டிகிரி, ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. அன்று பரனூரில் தப்பித்தது அதிர்ஷ்டம். கடைசியாக, கால் பிரேக்கைப் பெடல் கெட்டியாகும்வரை மிதித்து அட்ஜஸ்டரை உட்கார வைத்துவிட்டுத்தான் பாய் கேபிள் நட்டைத் தொட்டார், அதுவும் இரண்டு லெவரும் முட்டில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து.

கிளம்பும்போது கழற்றிய இடது காலிப்பரை டிக்கியில் போடப் போனேன். "அத வெச்சுட்டுப் போங்க சார்" என்றார் பாய். "பெயின்ட் அடிச்சா யாராச்சும் வாங்குவாங்க."