குச்சவெளி வான்பார்க்கும் இரவு: கருவி நல்லது, இடம்தான் பிழை

திருகோணமலைப் பக்கம் வான்பார்க்கும் சுற்றுலா ஒன்று நடக்கிறது: மாலையில் நிலாவெளி விடுதிகளில் ஆட்களை ஏற்றி, குச்சவெளிக்கு அப்பால் இருட்டான கடற்கரையில் மூன்று மணிநேரம் வானம் காட்டுகிறார்கள். கருவியில் குறை சொல்ல முடியாது. எட்டு அங்குல ஆடி உள்ள டொப்சோனியன் (எளிய தாங்கியில் கையால் திருப்பும்) தொலைகாட்டி, குவியத்தூரம் 1200 மி.மீ. அதை கண்வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம்: 25 மி.மீ. கண்வில்லை போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. சனியின் வளையத்தை நன்றாகப் பார்க்க 120 நல்லது. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்துக்கு 48 தாராளம். வழிகாட்டி கேட்டை, சுவாதி, சித்திரை என்று நம் பெயர்களிலேயே காட்டுவது அருமை. பஞ்சாங்கத்தில் மட்டும் கேள்விப்பட்ட கேட்டை, விருச்சிகத்தின் நடுவில் சிவப்பாக நிற்பதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் இடத்தெரிவு சரியில்லை. திருகோணமலை இருப்பது 8.5 பாகை வட அகலக்கோட்டில். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானப் புகாருக்குள் கிடக்கும்; நமக்குக் கிடைத்த செல்வம் தெற்கு வானம். மே நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்குச் சிலுவை தெற்கே 21 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். குச்சவெளியிலிருந்து அந்தத் திசையைப் பார்த்தால் நிலாவெளி, உப்புவெளி, நகரம் எல்லாவற்றின் வெளிச்சமும் கீழ்வானில் வெளிறிக் கிடக்கிறது. சிலுவை தெரியும், அதை ஒட்டிப் பால்வீதியை மறைக்கும் தூசு மேகமான கரிய திட்டு தெரியாது. நகரத்துக்குத் தெற்கே, வெருகல் பக்கம் போனால் அந்த வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கிண்ணியாப் பாலம் தாண்டி ஏ15 வீதியால் போகலாம், தூரம் கூடத்தான். யானை நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் ஓட்டுநர் ஊர் வழி தெரிந்தவராக இருக்கவேண்டும்.

இன்னொரு சிக்கல் ஏசி. குளிர்ந்த வாகனத்திலிருந்து தொலைகாட்டியைக் கடற்காற்றில் இறக்கியதும் அதன் கண்ணாடியில் ஈரம் பூத்துவிடும். துணியால் துடைத்தால் உப்பும் மணலும் பூச்சைக் கீறும். அரைமணிநேரம் அப்படியே விட்டால் தானாகக் காயும். ஏசியை நிறுத்திவிட்டு வந்தால் இந்தக் காத்திருப்பே வேண்டாம். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடித்தால் தொலைகாட்டிக் குழாய் ஆடும், 120 மடங்கில் ஒன்றும் நிற்காது. வாகனத்தைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தச் சொல்லுங்கள்.

பச்சை லேசரால் நட்சத்திரம் காட்டுவது வசதிதான். என்றாலும் சீனக்குடாவில் விமானத்தளம் இருக்கிறது. வானில் விமான விளக்கு தெரிந்தால் உடனே அணைக்கவேண்டும். வழிகாட்டி அதில் கவனமாக இருக்கிறார். கைபேசிகளை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. இருட்டுக்கு அரைமணிநேரம் பழகிய கண்ணை ஒரு திரை வெளிச்சம் கெடுத்துவிடும். சிவப்புத் தாள் ஒட்டிய ரோச் ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள்.

பெரிய வருத்தம், முழுநிலவு நாளான போயா விடுமுறைக்கும் பதிவு எடுக்கிறார்கள். முழுநிலவில் பால்வீதி அறவே தெரியாது. மே முதல் செப்டெம்பர் வரை, அமாவாசையை ஒட்டிய நாட்களை மட்டும் கேளுங்கள். தனுசுப் பக்கத்துப் பால்வீதி மாலையிலேயே தெற்கு வானில் நன்றாக உயர்ந்து நிற்கவேண்டுமென்றால் ஓகஸ்ட். பதிவு செய்யும்போதே வெருகல் பக்கம் வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.