கெட்டிலில் தெரிந்த முகம்: விளம்பரப் படம் எடுக்கப் போய் நான் ஏமாந்தது

மெல்பர்னில் தனியாகத் தொழில் செய்யும் பாலியல் தொழிலாளி நான். ஏஜென்சி கிடையாது, தரகர் கிடையாது. விளம்பரம் கொடுப்பது, போனை எடுப்பது, வருகிறவரைப் பற்றி விசாரிப்பது, வருடக் கடைசியில் வரி கட்டுவது எல்லாம் நானேதான். இந்த இடத்திலேயே முகம் சுளிப்பவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். இதே வேலையைச் செய்துகொண்டு வீட்டில் 'நைட் ஷிஃப்ட்' என்று சொல்லிவைத்திருக்கும் தமிழ்ப் பெண்கள் சிலரை எனக்குத் தெரியும், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தால் காசைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்தத் தொழிலில் படம்தான் கடை வாசல். மூன்று வருடம் கைப்பேசியை அரிசி டின் மேல் சாய்த்துவைத்து நானே எடுத்த படங்களை வைத்து ஓட்டினேன். எல்லாம் ஒரே சுவர், ஒரே மஞ்சள் வெளிச்சம். கட்டணத்தை உயர்த்த வேண்டுமானால் நல்ல படம் வேண்டும் என்று தோழி சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் 2023 டிசம்பர் 1 முதல் இந்தத் தொழிலுக்கான பழைய உரிம முறை ஒழிந்துவிட்டது. விளம்பரத்தில் பதிவு எண் போட வேண்டியதும் இல்லை. அந்தப் பழைய விதிகளில் ஒரு வேடிக்கை இருந்தது. ஒரு காலத்தில் விளம்பரப் படத்தில் தலையும் தோளும் மட்டுமே இருக்கலாம் என்றார்கள். நாங்கள் மறைக்க நினைப்பது எதுவோ, அதை மட்டும் காட்டச் சொன்ன சட்டம்!

2024 மார்ச்சில் ஒரு புகைப்படக்காரரைப் பிடித்தேன். அவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. எங்களைப் போன்றவர்களைப் படம் எடுப்பதே தன் சிறப்பு என்று விளம்பரப்படுத்தியிருந்தார். முகம் தெரியாது, ரகசியம் காக்கப்படும் என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். இரண்டு மணி நேரம், சரிசெய்த படங்கள் 25, பத்து நாளில் கைக்கு வரும், கட்டணம் 950 டாலர், பாதி முன்பணம். ஒப்பந்தம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "நமக்குள் எதற்கு அதெல்லாம், கையெழுத்துப் போட்டால் உன் சொந்தப் பெயர் அல்லவா வெளியே வரும்" என்று எனக்காகக் கவலைப்படுவதுபோல் பதில் எழுதினார். நானும் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினேன். இன்று நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

முன்பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினேன். தொழிலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன், அந்தப் பெயரில்தான் அவரோடு பேசினேன். ஆனால் வங்கியில் பணம் அனுப்பினால் பெறுபவரின் கணக்கில் அனுப்பியவரின் பெயர் விழும் என்பது மறந்துபோனது. படம் எடுக்கும் நாளன்று ஓட்டல் அறைக் கதவைத் திறந்தேன். அவர் சிரித்துக்கொண்டே 'மிஸ்' சேர்த்து என் அப்பாவின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார். நம் ஊர் வழக்கப்படி கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் நிற்பது அப்பாவின் பெயர்தானே. உள்ளாடை மேல் அங்கியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறேன், எதிரில் முன்பின் தெரியாத ஒருவன் என் அப்பாவைக் கூப்பிடுகிறான். அடிவயிறு சில்லிட்டது. அப்போதே கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

சாத்தவில்லை. அறை வாடகை 240 டாலர் கட்டியாகிவிட்டது, முன்பணம் கொடுத்தாகிவிட்டது, தலைமுடிக்கும் ஒப்பனைக்கும் தனிச் செலவு. போட்ட காசு கண்ணை மறைத்தது. அவர் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்திருந்தார். கூடவே சொல்லாமல் கொள்ளாமல் உதவியாளர் என்று ஓர் இளைஞன். அவன் விளக்குக் குடையைப் பிடித்த நேரத்தைவிடத் தன் கைப்பேசியைப் பிடித்த நேரம்தான் அதிகம். என்ன எடுக்கிறாய் என்று கேட்டேன். "பின்னணிக் காட்சிகள்" என்றான். அழிக்கச் சொன்னேன், அழித்துவிட்டதாகத் திரையைத் திருப்பிக் காட்டினான். அழித்த படம் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் உயிரோடு இருக்கும் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நடுவில் புகைப்படக்காரர், மீதிப் பணத்தை 'வேறு விதமாக'க் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சைப் போட்டார். பணமாகவே தருகிறேன் என்று சொல்லி அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். ரசீது தரவில்லை.

பத்து நாள் ஏழு வாரம் ஆனது. 25 படம் 17 ஆனது. மற்றவை வேண்டுமானால் ஒன்றுக்கு 60 டாலர் என்றார்.

வந்த படங்களைத் திறந்தபோது முதலில் யாரோ ஒருத்தியின் படத்தை மாற்றி அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன். நான் கறுப்பு. மாநிறம் என்று யாரும் சமாதானம் சொல்லத் தேவையில்லாத நல்ல கறுப்பு. படத்தில் இருந்தவள் பாலில் ஒரு சொட்டு டிகாக்‌ஷன் விட்ட நிறம். இடுப்பில் இரண்டு அங்குலம் காணாமல் போயிருந்தது. முழங்கால் தழும்பை மட்டும் மறைக்கச் சொல்லியிருந்தேன், ஏனென்றால் அதை என் தங்கை பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வாள். அது அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன், எல்லாரும் இதைத்தான் விரும்புகிறார்கள்" என்றார். சின்ன வயதில் பவுடர் டப்பாவோடு துரத்திய அத்தைகளிடமிருந்து தப்பித்து இவ்வளவு தூரம் வந்தால், இங்கே காசு வாங்கிக்கொண்டு வெளுக்கிறார்கள்.

இருந்தும் அந்தப் படங்களில் ஆறை விளம்பரத்தில் போட்டேன். அது என் தவறு. இரண்டாவது வாரம் வந்த வாடிக்கையாளர் ஒருவர் வாசலிலேயே நின்று என்னையும் தன் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்தில் இருக்கிற பெண்ணைத்தானே கேட்டேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், மரியாதையாகவே திரும்பிப் போனார். அவர் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்தார், அவர் பார்வையில் அது நியாயமும்கூட. படத்தை மெருகேற்றினால் ஆள் வருவார். வந்த ஆள் நம்பவும் வேண்டுமே.

இதைவிடப் பெரிய இடி கெட்டிலில் இருந்தது. ஆறு படங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று: கட்டில் ஓரத்தில் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன், பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துவிட்டிருக்கிறேன், முகம் துளியும் தெரியவில்லை. நெடுநாளாக வரும் ஒருவர் விளையாட்டாகச் சொன்னார், "கெட்டிலில் நன்றாகச் சிரிக்கிறாய்" என்று. படத்தை விரல்களால் விரித்துப் பார்த்தேன். எனக்கு எதிரே பக்க மேசையில் பளபளவென்று ஓட்டல் கெட்டில். அதன் வளைந்த வயிற்றில், கொஞ்சம் பூசணிக்காய்போல் உப்பிப்போய், ஆனால் தெளிவாக, என் முகம். மூக்குத்திகூடத் தெரிந்தது. ஒன்பது நாள் அது விளம்பரத்தில் இருந்திருக்கிறது. இடுப்பைச் செதுக்க நேரம் இருந்த மனிதருக்குக் கெட்டிலைத் துடைக்க நேரமில்லை.

ஆறையும் எடுத்துவிட்டேன். அத்தோடு முடியவில்லை. படத்தை வைத்துப் படத்தைத் தேடும் வசதி இணையத்தில் இருக்கிறதே, அதில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஐந்து படம் அவருடைய சொந்தப் பக்கத்தில் மாதிரியாக இருந்தது, அதில் கெட்டில் படமும் ஒன்று. இரண்டு படம் பெர்த் நகரத்தில் வேறொரு பெயரில், வேறொரு வயதில், என் கட்டணத்தில் பாதிக்கு விளம்பரமாகி நின்றது. அங்கே முன்பணம் மட்டும் வாங்கிவிட்டு மறைந்துவிடும் கும்பலாக இருக்க வேண்டும். யார் கொடுத்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த இரண்டும் நான் எங்கேயும் போடாத படங்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பெர்த் விளம்பரம் இருந்த தளத்துக்கு நீக்கச் சொல்லிப் படிவம் நிரப்பினேன். முதல் கேள்வியே, 'இந்தப் படத்தின் பதிப்புரிமை உங்களுடையதா?' இதென்ன கேள்வி, உடம்பு என்னுடையது, காசு என்னுடையது, அறை வாடகைகூட என்னுடையது என்று 'ஆம்' போடப் போனேன். ஏதோ உறுத்தி, இலவச சட்ட ஆலோசனை மையம் ஒன்றில் கேட்டேன். அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். 1968ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 35ஆவது பிரிவில் ஒரு வேறுபாடு இருக்கிறது. கல்யாணப் படம், குடும்பப் படம் என்று சொந்த உபயோகத்துக்குக் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை காசு கொடுத்தவருக்கு. தொழிலுக்காக எடுத்தால் உரிமை புகைப்படக்காரருக்கு. அதை மாற்றி எழுதிக்கொள்ளலாம், ஆனால் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். "நமக்குள் எதற்கு அதெல்லாம்" என்று அவர் இழுத்ததன் பொருள் அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. தொழிலைச் சட்டம் தொழிலாக ஏற்றுக்கொண்டதில் மகிழ்ந்தவள் நான். அதே காரணத்தால் என் முதுகு இன்னொருவர் சொத்தாகிவிட்டது.

அவருக்கு எழுதினேன். "படம் என்னுடையது, எங்கு வேண்டுமானாலும் போடுவேன்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கீழே என் சொந்தப் பெயரை முழுதாக எழுதியிருந்தார். மிரட்டல் என்று சொல்ல அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் படித்தவுடன் புரிந்தது.

இங்கேதான் அந்த ஆலோசகர் ஒன்று சொன்னார்: பதிப்புரிமை வேறு, சம்மதம் வேறு. இங்கே 2021ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, அந்தரங்கப் படத்தைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் இணையத்தில் போட்டால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அதிகாரியான ஈசேஃப்டி ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். உள்ளாடை மூடியிருந்தாலும் அது அந்தரங்கப் படமாகலாம். நீக்கச் சொல்லி ஆணையர் நோட்டீஸ் அனுப்பினால் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும். தொழிலுக்காக எடுத்த படம்தானே என்று கைவிரித்துவிடுவார்கள் என்று பயந்தேன். விரிக்கவில்லை. இணைய முகவரிகளையும் திரைப்பிடிப்புகளையும் தேதியோடு கொடுத்தேன். அவர் பக்கத்திலிருந்து ஐந்தும் போயின, பெர்த் விளம்பரமும் போனது. ஆகவே கோபத்தில் முதலில் அவரோடு சண்டை போடாதீர்கள். முதலில் திரைப்பிடிப்பு எடுங்கள். நான் சண்டை போட்டுவிட்டு எடுத்ததால் அவர் அழித்துவிட்ட இரண்டு பதிவுகளுக்கு என்னிடம் ஆதாரமில்லை.

பணம் திரும்பவில்லை. நுகர்வோர் சட்டம் எனக்கும் பொருந்தும், விக்டோரியாவின் சிவில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றார்கள். போகலாம்தான். ஆனால் அங்கே விசாரணை பொதுவாகத் திறந்த அறையில் நடப்பது, வழக்கு சொந்தப் பெயரில்தான் போட வேண்டும். 950 டாலருக்காக அப்பாவின் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்ற எனக்கு மனமில்லை. கோழை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இப்படிப்பட்டவர்கள் நம்மைத் தேடி வருவதே இந்தக் கணக்கை நம்பித்தான்.

இப்போது ஒரு பெண் புகைப்படக்காரரிடம் புதிதாகப் படம் எடுத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களிடம் வாய்வழியாக விசாரித்து, அவர் படம் எடுத்த இருவரோடு நேரில் பேசிவிட்டுத்தான் போனேன். ஒப்பந்தம் இரண்டே பக்கம்: உரிமை எனக்கு மாற்றித் தரப்படுகிறது, மூலக் கோப்புகள் என்னிடம் தந்து அறுபது நாளில் அவரிடம் அழிக்கப்படும், மாதிரியாகக்கூட எங்கும் போடக் கூடாது, அறையில் மூன்றாம் ஆள் கிடையாது. கையெழுத்துக்கு என் சொந்தப் பெயர் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் இந்த முறை அவர் பெயரும் முகவரியும் என்னிடம் இருக்கின்றன. முன்பணத்தைக் கையில் கொடுத்து ரசீது வாங்கினேன். படங்களுக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பையும் கேமரா விவரங்களையும் நீக்கித் தந்தார். நிறத்தைத் தொடக் கூடாது என்றேன். "எதற்குத் தொட வேண்டும்?" என்று கேட்டார். விளக்கைப் பொருத்துவதற்கு முன் அறையைச் சுற்றி நடந்து டிவித் திரை, ஜன்னல், அலமாரிக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கெட்டிலை நானே தூக்கிக் குளியலறையில் வைத்தேன்.

மாதம் ஒருமுறை பழைய படங்களைத் தேடிப் பார்க்கிறேன். போன வாரம் அந்த வெளுத்த பெண் பிரிஸ்பேனில் ஒரு விளம்பரத்தில் நின்றாள், 23 வயதாம். புகார் கொடுத்திருக்கிறேன்.