மோட்டார் போட்டால் மழை: எட்ஜா, லெவலா, போலிங்கா?

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வயலில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையோடு மழைமானி வைத்திருந்தேன். சித்திரை வெயில் கொளுத்துகிறது, பெட்டியோ 2.2 மில்லிமீட்டர் மழை என்கிறது. "தம்பி, நான் பம்புசெட்டைப் போடும்போதெல்லாம் உங்கள் பெட்டியில் மழை பெய்கிறதே" என்றார் வயல்கார அண்ணாச்சி. பாதி வேலை அங்கேயே முடிந்தது.

மானிக்குள் இருக்கும் சிறு வாளி 0.2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கவிழும். அப்போது அதிலுள்ள காந்தம் ரீட் சுவிட்சைக் (காந்தம் அருகே வந்தால் மூடும் சுவிட்ச்) கடந்து ஒரு இன்டரப்ட் தரும்; அதாவது கணினியை இடைமறித்து அழைக்கும். லினக்ஸின் 'புராக்' கோப்பகத்தில் 'இன்டரப்ட்ஸ்' என்ற கோப்பில் அந்த எண்ணிக்கை இருக்கும். செயலியின் ஒவ்வொரு கோருக்கும் தனிப் பத்தி என்பதால் கூட்டிப் பார்க்க வேண்டும். வாளியைக் கையால் பத்து முறை கவிழ்த்தேன். சரியாகப் பத்து ஏறியது. கூடுதலாக ஏறியிருந்தால் சுவிட்சின் துள்ளல், அதாவது ஒருமுறை மூடும்போதே பலமுறை தட்டுவது. ஏறவே இல்லையென்றால் ஒயரையோ, அது பலகையில் சேரும் முனையான பின்னின் எண்ணையோ சந்தேகிக்கலாம். மோட்டாரைப் போட்டதும், தொடாமலேயே 11 ஏறியது.

நான் வைத்திருந்தது எட்ஜ் இன்டரப்ட்: கம்பியில் மின்னழுத்தம் மாறும் கணத்தில் அழைப்பது. அது முதல் சத்தத்தையே நம்பிவிடும். கம்பியை உயர் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கும் மின்தடைக்குப் புல்-அப் என்று பெயர்; பலகைக்குள் இருப்பது ஏறக்குறைய 50 கிலோ ஓம். தடை பெரிதென்றால் பிடி தளர்வு. மோட்டார் ஒயரோடு சேர்ந்து ஓடும் நீண்ட கம்பிக்கு அது போதாது. நான் முதலில் செய்தது மென்பொருளில் 'அடுத்த 50 மில்லி விநாடிக்குக் காது கொடுக்காதே' என்று எழுதியது. 11 என்பது 1 ஆனது, பூஜ்யம் ஆகவில்லை. அந்த முதல் பொய்யை அது எண்ணிவிடுகிறதே!

லெவல் இன்டரப்ட் இந்த வேலைக்கு ஆகாது. சுவிட்ச் மூடியிருக்கும் வரை அது திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருக்கும். அதே பெட்டியிலுள்ள டிஎஸ்3231 கடிகாரச் சில்லுக்கோ அதுதான் சரி. அலாரம் அடித்தால், அடித்ததைக் குறிக்கும் கொடியைச் சில்லுக்குள் நாம் அழிக்கும் வரை அது கம்பியைத் தாழ்த்தியே வைத்திருக்கும். எட்ஜ் வைத்து அந்த ஒரு இறக்கத்தைத் தவறவிட்டால் பிறகு அழைப்பே வராது.

மிச்சம் போலிங். (எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு வாக்குச்சாவடிதான் நினைவுக்கு வரும்.) 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை பின்னைப் படித்து, தொடர்ந்து மூன்று முறை ஒரே விடை வந்தால் மட்டும் எண்ணுவது. கத்துக்குட்டி வேலை என்று இதை ஏளனம் செய்பவர்கள் உண்டு. மழை வாளிக்கு மைக்ரோ விநாடி அவசரம் எதற்கு? மோட்டாரின் ஊசி முனைத் துடிப்புகள் மூன்று முறை கேட்பதற்குள் செத்துவிடுகின்றன.

ஆனாலும் கம்பியைச் சரிசெய்யாமல் விடவில்லை. மோட்டார் ஒயரிலிருந்து தள்ளிப் போட்டு, 3.3 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப்பும் தரைக்கு 100 நானோ ஃபாரட் மின்தேக்கியும் வைத்தேன். புல்-அப்பை 5 வோல்ட்டில் கட்டினால் பலகையின் பின் கெட்டுவிடும்.

பாபநாசம் மலையடிவாரத்தில் அடுத்து வைக்கப்போவது பேட்டரியில் ஓடும் பெட்டி. விநாடிக்கு 200 முறை விழித்துப் பார்க்க அதற்குத் தெம்பு கிடையாது. பக்கத்தில் மோட்டாரும் இல்லை. அங்கே எட்ஜ்தான்.